பியூஸ் அண்ணையின் பேஸ் பெட்டி

டென்மார்க்கில் அந்த நாட்களில் பியூஸ் அண்ணையைவிடப் பயந்த தமிழர் ஒருவர் இருந்திருந்தால், அவர் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டார். ஆகவே வெளியே நடமாடிய பயந்தவர்களுக்குள் முதலிடம் பியூஸ் அண்ணைக்குத்தான்.

ரண்டர்ஸ் நகரத்தில் எங்களுக்கென்று ஒரு சின்ன இசைக்குழு இருந்தது. கீபோட்டும் அதற்குள்ளிருந்து வருகிற தாளமும் ரவியின் பொறுப்பு. பாடுவது நான். பேஸ் கிற்றார் பியூஸ் அண்ணை. கல்யாணம், பொங்கல், கிறிஸ்மஸ் ஒளிவிழா எது வந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் திறம் என்பதால் அல்ல. பக்கத்தில் வேறு குழு இல்லை.

பியூஸ் அண்ணையின் சொந்தப் பெயர் அரசாங்கப் பத்திரங்களில் மட்டும்தான் இருந்தது. பழைய மண்டபங்களில் அப்போது வெள்ளைப் பீங்கானில் செய்த, திருகிப் பூட்டுகிற பியூஸ்கள்தான். அவற்றில் எல்லா அளவும் அவருடைய ஜக்கெட் பைகளில் கிடக்கும். அவர் நடந்து வந்தால் யாரோ தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவுகிற சத்தம் கேட்கும்.

"வயர் எப்பவும் நடுப்பாட்டிலதான் சாகும், தங்கச்சி. ஒத்திகையில ஒருநாளும் சாகாது" என்பார். அதனால் ஒவ்வொரு வயருக்கும் ஒரு மாற்று வயர் வைத்திருந்தார். அந்த மாற்று வயர் மீது நம்பிக்கை இல்லாததால் இன்னொன்றும் வைத்திருந்தார்.

இவ்வளவையும் சுமக்க அவரிடம் கார் இல்லை. பழைய சாமான் கடையில் ஒரு பிள்ளை வண்டில் வாங்கினார். டெனிஷ்காரர் குழந்தையை வெளியே உறங்கவைக்கிற, கப்பல் மாதிரியான பெரிய வண்டில். பேஸ் கிற்றாருக்கான ஸ்பீக்கர் பெட்டியை அதற்குள் படுக்கவைத்து, குளிருக்குக் கம்பளியும் போர்த்தி, ரயிலில் தள்ளிக்கொண்டு போவார். ஒருநாள் ஒரு டெனிஷ் அம்மா பக்கத்தில் வந்து, மெல்லக் குனிந்து, "எத்தனை மாதம்?" என்று கேட்டிருக்கிறார். பியூஸ் அண்ணைக்குப் பதற்றத்தில் டெனிஷ் பாதிதான் விளங்கும். எத்தனை என்பது மட்டும் விளங்கியிருக்கிறது.

"நூறு வாட்ஸ்" என்றாராம்.

அவருடைய டெனிஷ் முழுவதும் மின்சாரக் கடையில் கற்றது. பாஷைப் பள்ளிக்கூடத்தில் ஒருநாள் ஆசிரியை ஒவ்வொருவராக, இந்த நாட்டில் உங்களுக்கு எது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் வெயில் என்றார். ஒருவர் மீன் என்றார். பியூஸ் அண்ணை எழும்பி நின்று, "யோர்" என்றார்.

டெனிஷில் யோர் என்றால் மண். ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கள் மண்ணா?" என்றார்.

"ஓம். இஞ்ச எங்கையும் யோர் இல்லை. பெரிய ஆபத்து" என்றார் பியூஸ் அண்ணை.

ஆசிரியை அடுத்த நாள் அவருக்காகக் கேக் சுட்டுக்கொண்டு வந்தார். நடந்தது என்னவென்றால், கரண்ட் பிளக்கில் இருக்கும் எர்த் கம்பிக்கும் அங்கே யோர் என்றுதான் பெயர். பழைய கட்டடங்களில் அது கிடையாது. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே பியூஸ் அண்ணை வகுப்பறைச் சுவரிலிருந்த பிளக்கைக் காட்டி, "இதிலயும் இல்லை" என்றார். ஆசிரியை மறுபடியும் கண்ணைத் துடைத்தார்.

எர்த் இல்லாத இடத்தில் மைக்கில் வாயை வைத்தால் கரண்ட் அடிக்கக்கூடும் என்பது உண்மைதான். அதனால் எந்த மேடையிலும் நான் பாட முதல் அவர் வந்து என் மைக்கைப் புறங்கையால் ஒருமுறை தொட்டுப்பார்ப்பார். "உள்ளங்கையால பிடிச்சால் கை மூடிப்போடும். பிறகு விடாது." தொடுகிற அந்தக் கணத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பார்வையாளர்கள் அதைக் கும்பிடுதல் என்று நினைத்து அமைதியாவார்கள்.

அவர் ஏன் இவ்வளவு பயந்தார் என்று இப்போது கேட்பவர்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்லவேண்டும். தமிழர்கள் தங்கள் மனைவி, பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்த ஆண்டுகள் அவை. அது பின்னாளில் பெரிய விவகாரமாகி, விசாரணை வந்து, ஓர் அரசாங்கமே பதவி விலகியது. ஆனால் அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் சண்டை, இங்கே மௌனம். நானும் கணவரும் ஒன்றாக வந்து சேர்ந்த அதிர்ஷ்டக்காரர்கள். மண்டபத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட ஆண்கள். பியூஸ் அண்ணை புறப்பட்டபோது மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தவர். மகளை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார்.

"ஏதும் வந்ததோ அண்ணை?" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் ரவி கேட்பான்.

"இல்லை" என்பார். உடனே குனிந்து ஏதாவதொரு வயரைக் கழற்றித் திரும்பப் பூட்டுவார்.

குளிர்கால நிகழ்ச்சிக்கு அவருக்கு வேறொரு பயம் இருந்தது. வெறும் மண்டபத்தில் சத்தம் சரியாக இருக்கும். சனம் வந்து நிறைந்தால் அத்தனை ஜக்கெட்டும் சேர்ந்து சத்தத்தைக் குடித்துவிடும் என்பார். வாசகர்களில் மேடை ஏறுகிறவர் யாராவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், அது முழு உண்மை. ஆனால் அதற்காக அவர் செய்ததை நீங்கள் செய்யவேண்டாம். ஒருமுறை சனம் வர முதலே உடுப்புத் தொங்கவிடுகிற அறைக்குப் போய், அங்கே கிடந்த ஜக்கெட்டுகளை எல்லாம் அள்ளி வந்து கதிரைகளில் போட்டுச் சத்தம் பார்த்தார். அவை பக்கத்து அறையில் கூட்டம் வைத்திருந்த டெனிஷ்காரர்களின் ஜக்கெட்டுகள். கூட்டம் முடிந்து வந்தவர்கள் தங்கள் உடுப்புகள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பதைக் கண்டார்கள்.

கடைசியில் ஒருநாள் அனுமதி வந்தது. மனைவியும் மகளும் வரும் விமானம் கோபன்ஹேகனில் இறங்கும் நாளும் தெரியவந்தது. அதே நாளில் வைலே நகரத்தில் எங்களுக்கு ஒரு கல்யாணக் கச்சேரி.

"நீங்கள் போங்கோ அண்ணை. பேஸ் இல்லாமல் சமாளிப்பம்" என்றான் ரவி.

"சமாளிக்க ஏலாது. ரெயின் வைலேயாலதானே வரும்? நான் அவையளைக் கூட்டிக்கொண்டு அங்கையே இறங்கிறன்" என்று சொல்லிவிட்டு, வண்டிலையும் வயர்களையும் எங்களிடம் ஒப்படைத்தார். முதல் நாளே போய், கோபன்ஹேகனுக்குப் பக்கத்திலிருக்கும் இஷொயில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினார்.

காலையில் நாங்கள் வைலே மண்டபத்தில் சாமான் இறக்கும்போதே கந்தோர் அறையில் டெலிபோன் அடித்தது. மண்டபம் பார்க்கிற உயரமான டெனிஷ்காரர் வந்து என்னைக் கூப்பிட்டார். விமான நிலையத்திலிருந்து பியூஸ் அண்ணை.

"தங்கச்சி, பேஸ் பெட்டியை மூலைக்க வைக்க விடாதையும். சத்தம் குழைஞ்ச சோறு மாதிரி வரும்."

சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"நிலத்திலயும் வைக்க விடாதையும். பியர்ப் பெட்டிக்கு மேல ஏத்தச் சொல்லும்."

மறுபடியும்.

"குசினியில கோப்பி மெஷின் பூட்டின பிளக்கில எங்கட சாமானைப் பூட்டவேண்டாம். இன்னொண்டு, நீர் மைக்கைத் தொடாதையும். ரவியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும்."

இதை ரவியிடம் சொன்னேன். "அப்ப நான் செத்தால் பரவாயில்லையோ?" என்றான்.

அதற்குப் பிறகு அந்த டெனிஷ்காரர் என்னைத் தேடி வருவதை விட்டுவிட்டார். கதவடியில் நின்று விரலை மட்டும் ஆட்டுவார். கடைசித் தடவை அவர் விரலை ஆட்டியபோது எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"இப்ப என்ன அண்ணை?"

"பிளேன் இறங்கிட்டுது."

"நல்லதெல்லோ!"

"கதவு திறந்து திறந்து மூடுது. ஆக்கள் வருகினம்."

"பிறகென்ன?"

பின்னால் விமான நிலைய அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது.

"தங்கச்சி, அந்தப் பிள்ளை என்னை ஆரெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரைச் சமாளித்தவள் நான். "முதல்ல போனை வையுங்கோ அண்ணை. போய் அந்தக் கதவடியில நில்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு டெலிபோன் அடிக்கவில்லை. ரவி ஒரே வயரை மூன்று தரம் சுற்றினான். அந்த உயரமான மனிதர்கூட ஏதோ விளங்கியவராக, கந்தோருக்குள் போய்ப் போய் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பொம்பிளை சாப்பிட உட்கார்ந்த பிறகு அவர்கள் வந்தார்கள். முன்னால் ஒரு மெல்லிய பெண், ஆண்களின் பெரிய ஜக்கெட் ஒன்றுக்குள். அவருடைய கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண். பின்னால் இரண்டு சூட்கேசுடன் பியூஸ் அண்ணை.

மனைவிக்குப் பயம் என்ற சாமானே கிடையாது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. "நீங்கள்தான் தங்கச்சியோ? ரெயின் கப்பலுக்குள்ள ஏறிக் கடலைக் கடக்குது! நானும் பிள்ளையும் மேல போய்ப் பாத்தனாங்கள். இவர் கீழ கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர். வழி முழுக்க எர்த், எர்த் எண்டு சொல்லிக்கொண்டு வந்தார். எர்த் எண்டு ஆரோ ஒராள் வருத்தமாய் ஆஸ்பத்திரியில கிடக்கிறார் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளை மட்டும் இவரோட இன்னும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை" என்றார்.

பியூஸ் அண்ணை மேடைக்கு வந்தார். மைக்கைப் புறங்கையால் தொட்டார். பேஸைத் தோளில் போட்டார். முதல் பாட்டிலேயே பிழை விட்டார். இரண்டாவதிலும் விட்டார். நான் அவரோடு பாடிய காலத்தில் அதற்கு முன் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. அவர் கிற்றாரைப் பார்க்கவேயில்லை, முன்வரிசைக் கதிரையில் இருந்த சின்னப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவள் கதிரையிலிருந்து இறங்கினாள். மேடைப் படியில் ஏறி, என்னைக் கடந்து, நேரே பேஸ் பெட்டிக்குப் போனாள். அதன் முகத்துணியில் உள்ளங்கையை வைத்தாள். அது அவளுடைய கைக்குள் அதிர்ந்திருக்கவேண்டும். வெடுக்கென்று எடுத்தாள். பிறகு மறுபடி வைத்தாள். நிமிர்ந்து பியூஸ் அண்ணையைப் பார்த்தாள்.

"உள்ளுக்க ஆர்?" என்றாள்.

"அப்பா" என்றார் அவர்.

அவள் சிரித்தாள். கையை எடுக்காமல் காதையும் அதில் சாய்த்துக்கொண்டாள். பாட்டு முடிகிற இடம் வந்தது. ரவி என்னைப் பார்த்தான், நான் ரவியைப் பார்த்தேன், திரும்பவும் பல்லவியைத் தொடங்கினேன். பிறகும் தொடங்கினேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் களைத்துப்போய் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளை தானாகக் கையை எடுக்கும்வரை பாட்டை முடிக்க எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.