முதல் தரமான டார்ட்

அப்புத்துரை அதைச் சொல்லி முடித்ததும், பக்கத்தில் நின்ற ஆபீஸ் நண்பர் ராமதாஸுக்குப் புரையேறிவிட்டது.

கெலுகோரில் மேனேஜர் வீட்டு ஹரி ராயா பெருநாள் விருந்து. மேனேஜரின் மனைவி நோர்மா, தன் கையால் செய்த அன்னாசி டார்ட் பலகாரத் தட்டை நீட்டினார். ஆசை தீரத் தின்ற அப்புத்துரை, ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணிக்கு உரிய கம்பீரத்தோடு பாராட்டினார்.

"மேடம், யூ ஆர் எ ஃபர்ஸ்ட் கிளாஸ் டார்ட்!"

நோர்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார்.

ராமதாஸ் அப்புத்துரையை வாசலுக்கு இழுத்து வந்தார்.

"என்னண்ணே இது! டார்ட் நல்லா இருக்குன்னு சொல்றத விட்டுட்டு, அவங்களையே டார்ட்னுட்டீங்க!"

"அதுல என்னப்பா?"

"பொம்பளைய டார்ட்னு சொன்னா, நடத்தை கெட்டவள்னு அர்த்தம்லா!"

அப்புத்துரைக்கு உச்சந்தலை வேர்த்தது. பத்து காவான் என்ற ஊரின் எஸ்டேட் ஸ்டோருக்கு யாரையோ மாற்றப் போகிறார்கள் என்று ஆபீஸில் ஒரே பேச்சாக இருந்தது. கொசுவும் பாம்பும் குடியிருக்கும் இடம் அது.

மறுநாள் ஆபீஸில் ராமதாஸ் ஆறுதல் சொன்னார். "அந்தச் சொல்லு ஆரம்பத்துல செல்லமாத்தான் இருந்துச்சுண்ணே. 'ஸ்வீட்ஹார்ட்' சுருங்கித்தான் டார்ட் ஆச்சுன்னு சொல்றாங்க. பிறகுதான் கெட்டுப்போச்சு..."

அதற்குள் அப்புத்துரை போனை எடுத்திருந்தார்.

"மேடம், நேற்று நான் சொன்ன டார்ட்டுக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்வீட்ஹார்ட்!"

"அப்படியா? இதை என் கணவரிடம் சொல்லியாகணும்" என்றார் நோர்மா. போன் வைக்கப்பட்டது.

ராமதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேனேஜர் சம்சாரத்த ஸ்வீட்ஹார்ட்னா கூப்பிட்டீங்க?"

"நீதானேப்பா சொன்னே! வேற அர்த்தம் இருந்தா சீக்கிரம் சொல்லு."

"புளிப்புன்னு ஒண்ணு இருக்கு. அது இங்கிலீஷ்காரனோட ரொம்பப் பழைய சொல்லு. சுருக்குன்னு குத்துறதுன்னு அர்த்தம். பலகார டார்ட் பிரெஞ்சுல இருந்து வந்தது. ரெண்டுக்கும் சொந்தமில்ல."

புளிப்பில் யாரும் குற்றம் காண முடியாது. அப்புத்துரை மேனேஜர் அறைக்குள் பாய்ந்தார்.

"சார், மேடத்தைப் பற்றி நான் சொன்னது புளிப்பு என்ற அர்த்தத்தில்தான். ஸ்வீட் என்பதே கிடையாது சார். சுருக்கென்று குத்துவார்கள் இல்லையா, அந்த மாதிரி!"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"கல்யாணம் ஆன நாள் முதலா எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றார் பெருமூச்சோடு. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்மா ரோட்டுக்கு வாங்க. டை கட்டிக்கிட்டு வரணும். உங்களை எல்லாருக்கும் முன்னால நிறுத்தணும்னு நோர்மா சொல்லியிருக்கா."

வீட்டுக்கு வந்ததும் அப்புத்துரை மனைவியிடம் கேட்டார். "நல்லம்மா, கொசுவலை எங்க வச்சிருக்கே?"

"நம்ம வீட்டுல ஏதுங்க கொசு?"

"இனிமே நமக்கு நிறையத் தேவைப்படும்."

வெள்ளிக்கிழமை ராமதாஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர்போல் டை கட்டிக்கொண்டு போனார். பர்மா ரோட்டில் புதுசாக வெள்ளையடித்த, நோர்மா திறக்கப்போகும் பலகாரக் கடை முன்னால் கூட்டம். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு நின்றார்கள். பட்டு பாஜு கூரோங் உடையில் நோர்மா ஓடி வந்து, "இவர்தான் மிஸ்டர் அப்புத்துரை!" என்று எல்லாருக்கும் காட்டினார். கூட்டம் கை தட்டியது.

அப்புத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கடை வாசலுக்கு மேலே வெள்ளைத் துணி போர்த்திய நீளமான பலகை. ஏணியில் நின்று துணியின் நுனியைப் பிடித்திருந்தார் மேனேஜரின் டிரைவர் காஜா மொய்தீன். மெல்லிய துணிக்குள் தெரிந்த எழுத்துகளைப் படித்த ராமதாஸ், சத்தமில்லாமல் பஸ் ஸ்டாப் பக்கம் நழுவினார்.

காஜா மொய்தீன் ஏணியிலிருந்து குனிந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க சொன்னது மறந்திடும்னு மேடம் உள்ள ஓடிப்போய் எழுதி வச்சுக்கிட்டாங்க, இப்ப அவங்க படத்துக்குக் கீழ அதையே பெரிசா எழுதி, சொன்னது யாருன்னு உங்க பேரையும் போட்டாச்சு!"