பதினாறு மார்க் போதும்

எனக்குக் கணக்கு நன்றாக வரும். என் வாழ்க்கையின் பெரிய அசிங்கம் அதனால்தான் நடந்தது. கணக்கு வராதவன் நாலு பேரைக் கேட்டுப் பிழைத்துக்கொள்வான். நான் யாரையும் கேட்கவில்லை. (கேட்பதற்கு அங்கே எனக்கு நாலு பேர் இல்லை என்பது வேறு விஷயம்.)

எண்பதுகளின் நடுவில் கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்தேன். நாள் முழுக்க இரும்பு உருளைகளைக் கேஜ் என்ற அளவு வளையத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். நுழைந்தால் பாஸ், மாட்டிக்கொண்டால் ஸ்கிராப். 'பிரமாதமாக நுழைந்தது' என்று எந்த உருளைக்கும் தனிப் பாராட்டு கிடையாது. இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு நான் பரீட்சையும் எழுதியதுதான் கதை.

தங்கியிருந்த ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர். கலகலப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட், எனக்குப் பகல் மட்டும் வேலையான ஜெனரல் ஷிப்ட். நான் எப்போது போனாலும் யாராவது ஒருவன் போர்வைக்குள் இருப்பான். அதில் ஒருவனை எட்டு மாதம்வரை பாதத்தை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். பேச வேண்டியதைக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைப்போம். "தண்ணி வரல." "என் சோப்ப எடுத்தது யாரு?" எனக்கு எழுதுவதெல்லாம் 'ஜெனரல் ஷிப்ட்' என்ற பெயருக்கு வரும். ஒரு வாரம் முழுக்க யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் போனதுண்டு.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி வடிவு, கோவில்பட்டியில் அவள் அப்பா வீட்டிலேயே இருந்தாள். பகுதிநேர டிப்ளமா முடித்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. சூப்பர்வைசர் ஆனால் குடும்பத்தோடு இருக்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ். "குவார்ட்டர்ஸ் கெடைக்கட்டும் மாப்ள, மறுநாளே கொண்டாந்து விட்டுருதேன்" என்று மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆக, வடிவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது ஒரு டிப்ளமா.

வேலை முடிந்து மாலை வகுப்பு. கூடப் படித்தவர்கள் அசதியில் மட்டம் போடுவார்கள். நான் ஒரு நாள்கூடப் போடவில்லை. படிப்பின் மேல் காதல் எல்லாம் இல்லை. விழித்திருக்கிற மனிதர்களின் பக்கத்தில் உட்கார எனக்கு அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. ரெக்கார்டு நோட்டில் மூன்று நிறத்தில் படம் வரைவேன். அதனால் கடைசிப் பாடத்தில், கல்லூரியே போடுகிற இன்டர்னல் மதிப்பெண் எனக்கு இருபத்தைந்துக்கு இருபத்து நாலு.

மீதி எழுபத்தைந்து பரீட்சைக்கு. இரண்டையும் கூட்டி நாற்பது வந்தால் தேர்ச்சி என்பதுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பதில் இருபத்து நாலு போனால் பதினாறு. எழுபத்தைந்துக்குப் பதினாறு எடுக்க முடியாத மனிதன் உண்டா?

அந்தப் பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. பெங்களூரிலிருந்து வரும் மதுரை பஸ் ஓசூருக்கு வருவது மூன்றேகாலுக்கு. அதைப் பிடித்தால் விடியும்போது வடிவின் வீட்டு வாசலில் நிற்கலாம். விட்டால் கிருஷ்ணகிரி, சேலம் என்று மாறி மாறிப் போய்ச் சேரும்போது சனிக்கிழமையில் பாதி போய்விடும். எனக்கு இருந்ததே இரண்டு நாள்.

நன்றாகத் தெரிந்த இரண்டு கேள்விகளை எடுத்து, இருபது மார்க்குக்கு மணிமணியாக எழுதினேன். தேவை பதினாறு, கொஞ்சம் பிசகினாலும் தாங்க மேல்கொண்டு நாலு டாலரன்ஸ். முக்கால் மணி நேரத்தில் எழுந்து பேப்பரை நீட்டினேன்.

"என்னாப்பா, ஒடம்பு சரியில்லியா?" என்றார் அறைக் கண்காணிப்பாளர்.

"நல்லாத்தான் இருக்கேன் சார். போதும்."

"போதும்னா?"

"பாஸாவுறதுக்கு எழுதிட்டேன் சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

மறுநாள் காலை இட்லியை விழுங்கிக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வடிவுக்கு என் கணக்கை விளக்கினேன். "எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்களா?" என்று கேட்டாள்.

"மத்தவங்களுக்குக் கணக்கு வராது."

"யார்ட்டயாவது கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்கவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக இன்னும் இரண்டு இட்லி கேட்டேன்.

ரிசல்ட் தேதியை மாமனாரிடம் நானே சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு முகூர்த்த நாளாகவும் அமைந்து தொலைத்தது. ஒரு கடிதம்கூடப் போடாமல் வடிவையும் கூட்டிக்கொண்டு மனிதர் கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார். கூடவே இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு, கோவில்பட்டியிலிருந்து பஸ் கூரைமேல் பயணம் செய்து வந்த ஓர் ஆட்டுக்கல். எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி, கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் இறக்கிவிட்டு, நான் மட்டும் உள்ளே போனேன்.

பலகையில் என் நம்பர் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தேன், கீழிருந்து மேலே பார்த்தேன். பிறகு ஆபீஸ் கிளார்க்கிடம் போனேன். தெலுங்கில் ஒருவரையும் கன்னடத்தில் ஒருவரையும் திட்டி அனுப்பிவிட்டு, தமிழில் என் பக்கம் திரும்பினார்.

"மொத்தம் நாப்பத்தி நாலு இருக்குதுப்பா. ஆனா பரீட்சைல மட்டும் தனியா முப்பது வரணுமே. நீ இருபதுதான் எடுத்துக்கிற."

"தனியாவா?"

"நோட்டீஸ் போர்டுல ஒட்டி ரெண்டு வருசமாவுது. கூடப் படிக்கிற பசங்க யாருமே சொல்லலியா?"

எழுதிய இருபதுக்கு இருபதும் கிடைத்திருந்தது. ஒரு மார்க் பிசகவில்லை. அவ்வளவு துல்லியமாக ஃபெயிலானவன் அந்தக் கல்லூரியில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. ஆனால் அவருடைய அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் படுத்தியது. யாருமே சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு நான் யாரோடும் பழகவில்லை.

டீக்கடைக்குத் திரும்பினேன். மாமனார் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "என்ன மாப்ள, சாவிய எங்க போயி வாங்கணும்?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் குத்துவிளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். வடிவுதான் மெதுவாகக் கேட்டாள். "அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருந்து எழுதியிருந்தா?"

"பாஸாயிருப்பேன்."

"என்னைப் பாக்கணும்னா எந்திரிச்சு வந்தீங்க?"

"ஆமா."

அவள் சிரித்துவிட்டாள். சாயங்காலம் பஸ் கிளம்பும்போது அழுதாள். நான் பஸ் போன பிறகு அழுதேன். மறுபரீட்சைக்கு ஒரு வருஷம் இருந்தது.

ஆட்டுக்கல்லை மட்டும் மாமனார் ஏற்றவில்லை. "கல்லு இங்கனயே கெடக்கட்டும் மாப்ள. அதையும் தூக்கிட்டுப் போனா ஊர்ல என்ன ஏதுன்னு கேப்பாங்க." அப்படி அது எங்கள் அறைக்கு ஐந்தாவது ஆளாக வந்து சேர்ந்தது. மற்றவர்கள் அதன்மேல் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டார்கள். ஒருநாள் கதவில் எழுதியிருந்தது: "ஜெனரல் ஷிப்ட், கல்லு யாருது?" கீழே "என் மனைவியோடது" என்று எழுதினேன். மறுநாள் அதற்கும் கீழே, "மனைவி எங்க?"

அடுத்த வருஷம் கடைசி மணி அடித்து, பேப்பரைப் பிடுங்குகிறவரைக்கும் எழுதினேன். பாஸானேன். வடிவு வந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதையும் மொத்தமாகப் பாராட்ட முடியாது. "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றால், "சாம்பார் தனியா எவ்வளவு, ரசம் தனியா எவ்வளவு?" என்று வடிவு கேட்பாள். பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். போன வருஷம் எங்கள் அறுபதாம் கல்யாணத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்து, "மொத்தத்துல நல்ல வாழ்க்கை" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், மகள் கீழேயிருந்து கத்தினாள்: "அம்மா வர்றதுக்கு முன்னாடி ஓசூர்ல இருந்தது தனியா எவ்வளவுப்பா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, "ஃபெயிலும்மா" என்றேன். வடிவு மாலையைச் சரிசெய்கிற மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பந்திக்குக் கூப்பிடுகிறவரைக்கும் விடவில்லை.