சோலார் சித்தரின் எமன் திசை

கிணத்துக்கடவுப் பக்கம் சூரியனுக்கே வாஸ்து பார்க்கிற மகான் ஒருவர் முளைத்திருந்தார். பெயர் சோலார் சித்தர். அவர் மந்திரம் ஓதி, தீர்த்தம் ஊற்றி, பட்டுத்துணியால் துடைத்தால் மொட்டைமாடி சோலார் பலகைகளில் கரண்ட் பொங்குமாம். பொங்கியதைப் பார்த்தவர்களும் உண்டு. அப்புறம் கூட்டத்துக்குக் கேட்பானேன்!

குமாரசாமியின் தோப்பு வீட்டில் பத்துக் கிலோவாட் சோலார். மூன்று மாதமாகக் கரண்ட் குறைந்துகொண்டே வந்தது. பொருத்திக் கொடுத்த கயல்விழியைக் கேட்டாரா? ஊஹூம். சித்தரைக் கூப்பிட்டார்.

"பலகை தெக்க பாத்திருக்குதுங்க. எமன் திசை! கழட்டி வடக்க திருப்புங்க" என்றார் சித்தர்.

சேதி ஊரெல்லாம் பரவியது. "எமன் திசையில மாட்டுற புள்ள" என்று கயல்விழிக்கு வந்திருந்த மூன்று வீட்டு வேலைகளும் ரத்து. பலகையைக் கழற்றும் நாளன்று காலை எட்டு மணிக்கு மாப்பும் வாளியுமாக அவள் குமாரசாமி வீட்டில் வந்து நின்றாள். மாடியில் சித்தர் முன்னிலையில் கழற்ற ஆட்கள் தயார். வேடிக்கை பார்க்க ஊரே தயார்.

"ஏனுங்கண்ணா, வடக்க திருப்புனா மார்கழியில இன்னும் கொறையுமுங்க. ஒரு சோதனை செஞ்சு பாத்துப்போட்டுக் கழட்டுங்க. ரெண்டு வரிசை இருக்குது. எது எவ்வளவு குடுக்குதுன்னு போன்ல தனித்தனியாத் தெரியும். கெழக்கு வரிசைக்குச் சாமி மந்திரம் மட்டும் சொல்லட்டும். மேக்கு வரிசைய நான் சும்மா பைப்புத் தண்ணியில தொடைக்கறேன்."

சித்தர் பதறினார். "தீர்த்தமில்லாம மந்திரம் எப்படி வேல செய்யும்?"

"அப்ப வேல செய்யறது தண்ணிதானுங்களா சாமி?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். இனிமேல் ஓதாமல் தப்ப முடியுமா? சித்தர் தொண்டை கட்டும்வரை ஓதினார். கயல்விழி தேய்த்தாள். வாளித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அத்தனையும் பக்கத்துத் தேங்காய் நார் மில்லின் தூசி. மில் ஓடத் தொடங்கி மூன்று மாதம்.

பத்து மணிக்குப் போனைப் பார்த்தார்கள். மந்திர வரிசை இரண்டு கிலோவாட். மாப்பு வரிசை மூன்றரை! இரண்டுமே எமன் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

"போனுக்குத் தோஷம்..." என்று முனகியபடி மகான் படியிறங்கினார். கார் பறந்த திசையை யாரும் குறித்துவைக்கவில்லை.

குமாரசாமிக்கு முகம் தொங்கிவிட்டது. "உம்பட பேரக் கெடுத்துப்போட்டேன் அம்மணி. அந்த மூணு ஊட்டுக்கும் நானே போயிச் சொல்லிப்போட்டு வாரேன்."

இரண்டு படி இறங்கியவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அம்மணி, இந்த மாப்ப எந்த மூலையில வெச்சா நல்லதுங்க?"

பலகைத் தூசி ஒரு வாளித் தண்ணீரில் போயிற்று. மூளையில் படிந்ததற்கு எந்தக் கடையிலும் மாப்பு விற்பதில்லை. யோசித்துத்தான் தீர வேண்டும், ஐயா!