மேற்கே போன மூக்குக்கண்ணாடி

தைரியசாலிகள் பொய் சொல்லலாம். அவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. கல்யாண ஆசையில் ஒருமுறை நான் இந்த விதியை மீறினேன். அந்தப் பொய்யைக்கூட நான் சொல்லவில்லை, தரகர்தான் சொன்னார். நான் மறுக்காமல் காபி குடித்தேன். (இரண்டாவது டம்ளர்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் மாமல்லபுரத்தில் வாத்தியாராக இருந்தேன். அதே ஊரில் ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் தன் மகள் சரோஜாவுக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். இளமையில் அவர் கோல்கீப்பர். எதிரே வரும் எவரையும், உள்ளே விடலாமா கூடாதா என்றுதான் பார்ப்பார். அவரிடம் போய்த் தரகர், "பையன் காலேஜ் டீம்ல புட்பால் ஆடினவன்" என்று அளந்துவிட்டார். அந்த அணியோடு எனக்குத் தொடர்பு இருந்தது உண்மை. இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பேன்.

சரோஜாவைப் பார்த்த பிறகு வேறு பெண் பார்க்கும் எண்ணமே எனக்குப் போய்விட்டது. அவள் அப்பாவுக்கோ காஞ்சிபுரத்தில் ஒரு பாங்கு மாப்பிள்ளை தயாராக இருந்தார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம செங்கல்பட்டுல மேட்சு கீது. நம்ம கோவளத்துப் பசங்க ஆடறானுங்க" என்றார் ஏகாம்பரம். "என்னை இட்டுகினு போயி இட்டுகினு வா. ஒரு ஆளு எப்டின்னு தெரிஞ்சிக்க ஒரு பிரயாணம் போதும். அப்பால தட்டு மாத்தறதப் பத்திப் பேசலாம்."

அன்று இரவே ஒரு முழுத்தாள் நிறையத் திட்டம் எழுதினேன். எந்த பஸ், அது வராவிட்டால் எந்த பஸ், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது, வழியில் எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும். தாளைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

அவர் படித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மேக்கே சூலமாச்சே, அந்தப் பக்கம் கெளம்பக் கூடாதே" என்றார்.

செங்கல்பட்டு மேற்கே இருப்பதை என்னால் மாற்ற முடியாது. அவரே வழி சொன்னார். சனிக்கிழமை நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிட வேண்டும். அதாவது, நம் பொருள் ஒன்றை முதல் நாளே போகிற திசையில் இன்னொருவர் இடத்தில் வைத்துவிட்டால் பிரயாணம் அன்றே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம்.

"ஏதாச்சும் வேட்டி, துண்டு வெச்சா போதும்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. "உடம்போடு ஒட்டின பொருளாக இருந்தால் விசேஷம்" என்றேன். பெரியவர் பூரித்துப்போய்த் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் பத்தடிக்கு அப்பால் அவருக்கு உலகம் வெறும் கலங்கல். மஞ்சள் பையில் வெற்றிலை, வெல்லத்தோடு அதையும் வைத்து, ஊரின் மேற்குக் கோடியில் சைக்கிள் கடை வைத்திருந்த என் நண்பன் தாஸிடம் ஒப்படைத்தேன்.

ஞாயிறு போனால் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், "தாஸா? காலைலயே மேட்சுக்குப் போய்ட்டான் அண்ணாத்த. பெரியவர் பையாம், பத்திரமா அவனே எட்துகினு போனான்" என்றார்.

திரும்பிவிடலாமா என்று கேட்டேன். பெரியவர் அசரவில்லை. "நமக்கு முன்னாடியே மேக்கே போயிடுச்சா? நல்ல சகுனம். பரஸ்தானம் வெச்சிட்டுத் திரும்பக் கூடாது, வா. நீதான் ஆடினவனாச்சே, பாத்துப் பாத்துச் சொல்லு."

பஸ்ஸில் நான் எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன், மழை வேண்டி. மழை வந்தது, ஆட்டத்துக்கு முன்பே நின்றும்விட்டது.

ஸ்டேடியம் என்று பெயர்தான் பெரிது. ஒரு பக்கம் பலகை காலரி, மற்ற மூன்று பக்கமும் கீற்றுத் தட்டி. எங்களுக்கு இடம் கிடைத்தது செங்கல்பட்டு ரசிகர்களின் நட்டநடுவில். தாஸ் கண்ணில் படவில்லை. ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிஷம் இருபத்திரண்டு பேரும் ஒரே சேற்று நிறத்துக்கு வந்துவிட்டார்கள். யார் எந்த ஊர் என்று பெற்ற தாய்க்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம், "கோவளம் எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று ரகசியமாகக் கேட்டேன். "ஏரிப்பக்கம்" என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஏரிப்பக்கம் ஒரு கோல் விழுந்தது. "நம்ம கோல்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் இழவு வீடுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் என் தொடையில் தட்டினார். இடைவேளை வரை நான்தான் மாப்பிள்ளை.

இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறும் என்று எனக்குத் தெரியாது. (அந்த நேரத்தில் நான் எப்போதும் எலுமிச்சம்பழத் தோல் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.)

ஏரிப்பக்கம் மறுபடியும் கோல். "நம்ம கோல்" என்றேன். காலரி அதிர்ந்தது.

"நம்ம பசங்க போட்டா இவனுங்க ஏன் கத்தறானுங்க?"

"பெருந்தன்மை" என்றேன். "நல்ல ஆட்டத்தை ரசிக்கிறார்கள்."

இன்னும் இரண்டு விழுந்தன. பெரியவர் எழுந்து மேல்துண்டைச் சுழற்றினார். செங்கல்பட்டார் அவரைத் தங்கள் ஆளாக நினைத்து, வறுத்த கடலை கொடுத்து உபசரித்தார்கள். "செங்கல்பட்டுக்காரன் தங்கம்டா" என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருந்தபோது தாஸ் பையோடு கூட்டத்தைப் பிளந்து வந்தான். "இன்னா பெருசு, உங்கள எங்கெல்லாம் தேடறது? நாமளே மூணு கோல் வாங்கிக்கினு கீறோம், நீ துண்ட சுத்திக்கினு கீற?"

பெரியவர் கண்ணாடியைப் போட்டு மைதானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"தம்பி, காலேஜ்ல நீ இன்னா ஆடினே?"

"எலுமிச்சம்பழம் நறுக்கினேன்."

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் நான் மனத்துக்குள் பாங்கு மாப்பிள்ளைக்கு மாலை போட்டு முடித்துவிட்டேன். வீட்டு வாசலில், கதவோரம் நின்ற மகளிடம் அவர் சொன்னார்:

"இவனே இருக்கட்டும்மா. பொய் சொன்னா அர மணில மாட்டிக்கிறான். கேட்டா உடனே ஒத்துக்கறான். உனக்குச் சிரமமே இல்ல."

அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. ஆனால் அதோடு அந்த வீட்டில் என் வாய்ச்சொல்லுக்கு இருந்த மதிப்பு முடிந்தது. மழை பெய்கிறது என்று நான் சொன்னால், முற்றத்துக்குப் போய்க் கை நீட்டிப் பார்க்க இன்றும் ஒரு ஆள் எழுந்து போகிறது. மூத்தவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, "மாமா, ஆண் குழந்தை" என்றேன். மாமனார் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இரு மாப்ளே, நானே வந்து பாத்துக்கறேன். எடவேளைக்கு அப்பால மாறியிருக்கப் போவுது."