உறுமும் காரும் ஊமைக் காரும்

அந்தப் பழைய கார் விற்கும் முற்றத்தில் காலை எட்டு மணிக்கே நிற்க இடமில்லை. கார் வாங்க வந்தவர்கள் முப்பது பேர். கார் பேசுவதைக் கேட்க வந்தவர்கள் முந்நூறு பேர். நான் இரண்டாவது வகை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேடிக்கை பார்க்க நன்றாகத் தெரியும்.

ஆமாம், கார் பேசியது. சாதாரணக் கார் இல்லை, ஹைபிரிட் கார். ஒரே வண்டிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருக்கும், பேட்டரியில் ஓடும் மோட்டாரும் இருக்கும். மெதுவாகப் போகும்போது சத்தமில்லாமல் மோட்டாரில் நகரும். வேகம் வேண்டுமென்றால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற ஆற்றலைக்கூடப் பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். இதையெல்லாம் காரைச் செய்தவர்களே ஒரு தடித்த புத்தகத்தில் எழுதி, வண்டிக்கு ஒன்றாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் புத்தகம் ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் நன்றாகவே பயன்பட்டு வந்தது.

ஆகவே, புத்தகம் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். வாகன ஞானி. மெக்கானிக் உடைதான் போட்டிருப்பார்; அதில் ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இருக்காது. அவருடைய தத்துவம் எளிது.

"ஒரு உடம்பு, ரெண்டு உயிர். பெட்ரோல் உயிர் ஒண்ணு, கரண்ட் உயிர் ஒண்ணு. ரெண்டும் உங்கள ஏத்துக்கணும். இல்லேன்னா ஏதாவது ஒரு திருப்பத்துல பழிவாங்கிடும்."

வண்டியை அணைக்காமல் நிறுத்தி வைப்பார். "உயிர்களுக்குக் குளிர்ச்சி வேணும்" என்று உள்ளே ஏசியை முழு வேகத்தில் ஓடவிடுவார். ஓட்டுநர் இருக்கையில் ஆள் கிடையாது. சன்னலோரம் நின்று, முன்மூடியில் உள்ளங்கையை வைத்து, நீளமாக எதையோ முணுமுணுத்துவிட்டுக் கேட்பார்: "இவங்கள ஏத்துக்கிறியா?"

"உர்ர்ர்" என்று இன்ஜின் தானாக உறுமும். முந்நூறு பேருக்கும் ஒரே நேரத்தில் புல்லரிக்கும்.

உறுமினால் அது ராசியான வண்டி. உறுமாவிட்டால் ஊமை. மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடந்த வண்டிகளெல்லாம் ஒன்றுவிடாமல் வாயாடிகளாக இருந்தது முற்றத்துக்காரரின் அதிர்ஷ்டம். அவர் ஓரமாக நின்று பணிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஒரு நர்ஸம்மா வந்திருந்தார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுவீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டு வருகிற வேலை. அவருடைய பழைய கார் போன வாரம் நடுத்தெருவில் உயிரை விட்டுவிட்டது. திங்கட்கிழமைக்குள் வண்டி இல்லையென்றால் அவர் போகிற வீடுகளை வேறொரு நர்ஸுக்குக் கொடுத்துவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. கூடவே கணவர். பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கைத் தவிர எல்லாவற்றையும் நம்புகிறவர்.

நர்ஸம்மாவுக்குச் சாம்பல் நிறக் கார் பிடித்திருந்தது.

"சர்வீஸ் பேப்பர் எல்லாம் ஒழுங்கா இருக்குங்க. பேட்டரிக்கு இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி இருக்கு. நான் போறது பூரா சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போற தெரு. அதுக்கு ஹைபிரிட்தான் தோது."

"பேப்பர் பேசுமா? இங்க வண்டியே பேசுது, நீ பேப்பரத் தூக்கிட்டு வர்ற" என்றார் வாத்தியார்.

ஞானி சாம்பல் காரிடம் மூன்று முறை கேட்டார். அது வாயைத் திறக்கவில்லை.

"ஊமை. இதுல ஏறினீங்கன்னா, நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள நோயாளி போய்ச் சேர்ந்துடுவார்."

பிறகு சிவப்புக் கார். கை வைத்தார், முணுமுணுத்தார், கேட்டார். உர்ர்ர். குழந்தைகளுக்கு ஆகுமா என்று கேட்டார். உர்ர்ர். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா? நம்மள ஏத்துக்குச்சு."

மனைவி காரைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எது துடித்தாலும் எண்ணிப் பார்க்கிற தொழில் அவருடையது. மூன்றாவது உறுமலும் வந்து அடங்கியது.

"நாலு நிமிஷம்" என்றார்.

"என்னம்மா நாலு நிமிஷம்?" என்றார் ஞானி.

"ஒரு உறுமல் அடங்கி அடுத்தது வர்றதுக்கு. நீங்க சன்னல் வழியா திரையில சார்ஜ் கோடு எத்தனைன்னு எட்டிப் பாக்குறீங்க. ரெண்டா இறங்கினதும் கேள்வி கேக்குறீங்க. இப்பதானே அடங்குச்சு, இப்பவே ஒண்ணு கேளுங்க ஐயா. இந்தப் பக்கம் வந்து, சன்னல விட்டு."

"சந்தேகப்பட்டுக் கேட்டா பேசாதும்மா."

வாத்தியார் குறுக்கே விழுந்தார். "அவ சும்மா சொல்றா, நான் முழுசா நம்புறேன் ஐயா. எனக்காகக் கேளுங்க."

நம்புகிறவன் கேட்டால் எப்படி மறுப்பது? ஞானி கேட்டார். அமைதி. குரலை உயர்த்திக் கேட்டார். ஏசிக் காற்றின் சத்தம் மட்டும் வந்தது.

"கோவிச்சுக்கிச்சு" என்றார்.

"நான் சமாதானப்படுத்துறேன்" என்று நர்ஸம்மா முன்மூடியில் கை வைத்தார். மற்றக் கையில் கடிகாரம். முள் சுற்றி வந்தது. "ஏம்பா, நீ மாட்டு வண்டியா?"

உர்ர்ர்.

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார். அடுத்த நான்கு நிமிடம் ஒரு ஆள் நகரவில்லை. ஞானி மட்டும் நகரப் பார்த்தார், கூட்டம் வழிவிடவில்லை. நேரம் வந்தது.

"இந்த ஐயா சொல்றது அத்தனையும் புளுகா?"

உர்ர்ர். அன்றைக்கு அந்தக் கார் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"ஏசி பேட்டரியத் தின்னுது" என்றார் நர்ஸம்மா. "சார்ஜ் இறங்கினா ரொப்புறதுக்கு இன்ஜின் தானா எழும். நல்ல பேட்டரின்னா ரொம்ப நேரம் தாங்கும். இது நோஞ்சான் பேட்டரி, சட்டுனு காலியாகுது, சட்டுனு ரொம்புது. இது பேசலைங்க. இதுக்கு மூச்சு வாங்குது."

சாம்பல் காரிலும் அதேபோல ஏசியை முழு வேகத்தில் வைத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து, நிதானமாக, அந்த ஊமை ஒரு முறை உறுமியது.

"அப்ப போன மாசம் என் தலையில கட்டினது?" என்று ஒரு பேக்கரிக்காரர் முற்றத்துக்காரரைப் பார்த்துக் கேட்டார். "அது ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ பேசுமே. வீட்ல எல்லாரும் அதுகிட்ட யோசனை கேட்டுட்டிருக்கோமே." முற்றத்துக்காரரின் பணிவு அப்படியே இருந்தது, சிரிப்பைத்தான் காணவில்லை. அந்தச் சந்தடியில் ஞானி தன் வண்டியில் ஏறிப் பறந்துவிட்டார். வெறும் பெட்ரோல் கார். ஒரே உயிர் போதும் என்று நினைத்திருப்பார் போல.

நர்ஸம்மா சாம்பல் காருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது வாசலில் புதிதாக ஒரு வரிசை நின்றது.

"அம்மா, உங்க கை ராசியான கை" என்றார் முதல் ஆள், மிகுந்த பக்தியோடு. "எங்க வண்டியையும் ஒரு தடவ தொட்டுக் கேளுங்க."

நர்ஸம்மா கார்ச் சாவியைக் கைப்பையில் போட்டார்.

"என் கையில ஒண்ணுமில்லைங்க. உங்க வண்டியில ஒரு திரை இருக்கு. உங்க மணிக்கட்டுல ஒரு கடிகாரம் இருக்கு. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு. மூணையும் சேர்த்து ஓட்டிப் பாருங்க."

மூன்றாவதற்குப் பெட்ரோலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அதனாலோ என்னவோ, வரிசையில் நின்றவர்களில் பலர் அதைப் புத்தம் புதிதாகவே வைத்திருந்தார்கள்.