பாதிப் பின்னலோடு ஒரு நேர்காணல்

மின்சாரம் போனபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. பத்து மணிக்கு முத்திந்தாவுக்கு நேர்காணல்.

"அட்டவணைல பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கும்னுதானே போட்டிருந்தாங்க?" என்றாள்.

"அட்டவணை போட்டவங்க வீட்டுல இருக்கும்," என்றாள் அக்கா சூல்வே, கரியடுப்பை விசிறிக்கொண்டே.

முத்திந்தாவின் லாப்டாப் பழையதாக வாங்கியது. பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகிறது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். கைப்பேசியிலோ பதினான்கு சதவீதம்தான் இருந்தது.

கணினி வலையமைப்பில் டிப்ளோமா வாங்கி மூன்று வருடம். இது இருபத்து மூன்றாவது விண்ணப்பம். முதலில் போன இடத்தில் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். அனுபவம் சேர்க்க இன்னொரு கம்பெனியில் எட்டு மாதம் சம்பளமில்லாமல் உழைத்தாள். அங்கே நிரந்தர இடம் காலியானதும் முதலாளியின் மருமகன் வந்து உட்கார்ந்தான். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்ததும் இவள்தான். மூன்றாவது இடத்துக்கு நேர்காணலுக்குப் போன அன்று கம்பெனியையே மூடிக்கொண்டிருந்தார்கள். பெயர்ப்பலகையைக் கழற்றியவர்களுக்கு ஏணியைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினாள். மற்றவர்கள் பதிலே போடவில்லை.

இந்த முறை தலைநகர் லுசாகாவின் நடுவில், கெய்ரோ ரோட்டில் மூன்று மாடி அலுவலகம். கடைகளுக்கும் வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கம்பெனி. வீடியோவில் பேசினால் போதும் என்றிருந்தார்கள்.

"சர்ச்சுக்கு ஓடு. அங்க ஜெனரேட்டர் இருக்கு," என்றாள் சூல்வே.

ஓடினாள். சர்ச்சில் பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் காவலாளி மனமிரங்கி ஜெனரேட்டரை முடுக்கினார். அந்தச் சத்தம் கேட்ட குழுவினர் இரண்டு ஒலிபெருக்கிகளையும் அதில் மாட்டினார்கள்.

"ஐயா, எனக்கு வேலைக்கு நேர்காணல். பத்து மணிக்கு. கொஞ்ச நேரம் பாடாம இருந்தீங்கன்னா..."

"வேலையா?" குழுத் தலைவர் முகம் மலர்ந்தது. "எல்லாரும் கண்ணை மூடுங்க. இந்தப் பொண்ணுக்காக ஜெபம் பண்ணுவோம்."

ஜெபம் ஒலிபெருக்கியில் தொடங்கியது. முத்திந்தாவின் படிப்பு, பெற்றோர், வருங்காலக் கணவன், அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள் என்று ஒருவரையும் விடாமல் அது நகர்ந்தது. ஒன்பது ஐம்பதுக்குத் தலைவர் ஜாம்பியா தேசத்தின் இளைஞர்களுக்கு வந்தார். அடுத்தது ஆப்பிரிக்கக் கண்டம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதே லாப்டாப்பைக் கட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தாள்.

தெருமுனையில் நாசிலேலேயின் முடி அலங்காரக் கடை. கூரையில் சூரியத் தகடுகள் வைத்திருந்ததால் அந்தத் தெருவிலேயே விளக்கு எரியும் ஒரே கட்டிடம் அது. நாசிலேலேவுக்கு நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள், பேசினால் பேரம் கிடையாது.

"அக்கா, ஒரு மணி நேரம் ஒரு பிளக்கும் ஒரு நாற்காலியும் வேணும். நேர்காணல்."

"முடி பின்ன வர்றவங்களுக்குத்தான் நாற்காலி. ரெண்டு பேர் காத்திட்டிருக்காங்க பாரு. சும்மா உக்கார வச்சா என்னைத் தின்னுடுவாங்க."

"போன வாரம்தான் பின்னினேன் அக்கா. இதுக்காகவே பின்னினது."

"அப்ப அவிழ்த்துட்டுத் திரும்பப் பின்னிக்கலாம்."

மணி ஒன்பது ஐம்பத்தாறு. முத்திந்தா உட்கார்ந்தாள். நாசிலேலே வலது பக்கத்துப் பின்னல்களை மளமளவென்று அவிழ்த்துச் சீப்பால் கோதினாள். பத்து மணி ஆனபோது தலையின் இடது பாதி வங்கி அதிகாரி மாதிரியும் வலது பாதி கோழி கிளறிய குப்பை மாதிரியும் இருந்தது. லாப்டாப்பில் இடது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் வழுக்கைத் தலையோடு இருந்தவர் பேசினார். "நான் கபாசோ. தொழில்நுட்பப் பிரிவு மேலாளர். ஏன் அந்தப் பக்கம் பார்த்திட்டிருக்கீங்க? நேரா பாருங்க."

நேராகப் பார்த்தாள். மூவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். அவள் தலைக்கு மேல் சீப்பு பிடித்த இரண்டு கைகள் வந்து போயின.

"மிஸ் முத்திந்தா, நீங்க எங்க இருக்கீங்க?"

"மின்சாரம் இருக்கிற இடத்துல சார்."

கபாசோ தலையாட்டினார். லுசாகாவில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

முதல் இரண்டு கேள்விகள் நல்லபடியாகப் போயின. மூன்றாவதுக்கு அவள் வாயைத் திறந்தபோது சுவரில் இருந்த இன்வெர்ட்டர் நீளமாக ஒரு முறை கூவிவிட்டு அடங்கியது. விளக்கும் போயிற்று, லாப்டாப்பும் போயிற்று.

முடி உலர்த்தியின் குடைக்குள் சுருளும் கிளிப்புமாக உட்கார்ந்திருந்த ஞிரெண்டா அம்மா தலையை வெளியே நீட்டினாள். "என்ன ஆச்சு? பன்னெண்டு மணிக்கு என் பொண்ணு கல்யாணம். ஈரத்தலையோடயா போய் நிப்பேன்?"

முத்திந்தா கைப்பேசியை எடுத்தாள். ஆறு சதவீதம். அதில் நேர்காணலுக்குள் மறுபடி நுழைந்து, எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு இன்வெர்ட்டர் பக்கம் குனிந்தாள். கபாசோ எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி முழுவதையும் ஞிரெண்டா அம்மாவின் குரல் அமுக்கிவிட்டது.

"இந்தப் பொண்ணு கம்ப்யூட்டரை மாட்டினதுலதான் எல்லாம் போச்சு. எனக்கு இப்பவே வேணும். யாராவது பதில் சொல்றீங்களா இல்லையா?"

வேலை கை நழுவிப் போவது முத்திந்தாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இப்போது அழுதால் இந்த அம்மா இன்னும் கத்துவாள். எழுந்து அவள் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, உங்க கோவம் நியாயம்தான். பன்னெண்டு மணிக்குள்ள சரி பண்ணணும், அவ்வளவுதானே? எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது நிக்கிறதுக்கு முன்னாடி புதுசா ஏதாவது போட்டாங்களா?"

ஞிரெண்டா அம்மா ஒரு கணம் யோசித்தாள். "அந்தக் குளிர்பானப் பெட்டி. நான்தான் கோக் கேட்டேன். திறந்து பார்த்தா சூடா இருந்தது, சுவிட்சைப் போட்டு விட்டேன்."

"நல்லதாப் போச்சு. நீங்க சொல்லலைன்னா கண்டுபிடிச்சிருக்க முடியாது. அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா. முடியலைன்னா நானே வந்து உங்ககிட்ட சொல்றேன்."

குளிர்பானப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். உலர்த்தியை அணைத்தாள். இன்வெர்ட்டரின் விசையை மேலே தள்ளிப் பத்து வரை எண்ணினாள். நாசிலேலே சீப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு வந்தது. பிறகு உலர்த்தியை மட்டும் போட்டாள். அது ஓடியது.

"இப்ப சரியா இருக்காம்மா?"

"இருக்கு," என்று முனகிவிட்டு ஞிரெண்டா அம்மா குடைக்குள் போய்விட்டாள்.

முத்திந்தா திரும்பி எண்ணெய் டப்பாவைப் பார்த்தாள். மூன்று முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "சார், மன்னிச்சிடுங்க, நீங்க கேட்ட கேள்வி..." என்று தொடங்குவதற்குள் கைப்பேசி அணைந்தது. லாப்டாப் எழுந்து வந்தபோது திரையில் யாரும் இல்லை.

அன்று அவள் மீதிப் பின்னலைப் போட்டுக்கொள்ளவில்லை. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சூல்வே நிஷிமா என்ற சோளக்களியும் கபெந்தா மீன் வறுவலும் வைத்தாள். முத்திந்தா தொடவில்லை.

"இருபத்து நாலாவது இருக்குல்ல?" என்றாள் சூல்வே.

"இருக்கு. நாளைக்குப் போடுறேன்."

மறுநாள் அதையும் அனுப்பினாள். அதற்கு அடுத்த நாள் கபாசோவே கூப்பிட்டார்.

"மிஸ் முத்திந்தா, அந்தக் கடைசிக் கேள்வி இருக்கே. கிளைல எல்லாம் நின்னு போச்சு, வாடிக்கையாளர் கத்துறார், என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்ல? மத்த பதினோரு பேரும் விளக்கம் சொன்னாங்க. நீங்கதான் நடிச்சே காட்டிட்டீங்க."

"சார், அது வந்து..."

"அந்தக் கத்தின அம்மா பிரமாதம். எங்க பிடிச்சீங்க அவங்களை?"

"சத்தியமா அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார்."

கபாசோ வாய்விட்டுச் சிரித்தார். "இந்த அடக்கமும் பிடிச்சிருக்கு. திங்கக்கிழமை வந்து சேருங்க."

சனிக்கிழமை முத்திந்தா மறுபடி நாசிலேலேயின் நாற்காலியில் உட்கார்ந்தாள். செய்தியைச் சொன்னாள். நாசிலேலே "நல்லது, தலையைக் குனி" என்று மட்டும் சொன்னாள்.

பின்னல் இறுக இறுக முத்திந்தாவுக்கு மனம் இளகிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் பார்த்தால், பாவம், இந்த அக்கா காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். தான் கரையேறியாயிற்று, கை கொடுக்க வேண்டியது தன் கடமை.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது. நீங்களும் கம்ப்யூட்டர் படிக்கலாம். சாயங்கால வகுப்பு இருக்கு. ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும், நான் சொல்லித் தரேன். எத்தனை நாள்தான் இந்தச் சீப்பையே பிடிச்சிட்டு நிப்பீங்க?"

நாசிலேலே கடைசிப் பின்னலை முடிந்து, நுனியை வெந்நீரில் நனைத்து, துண்டால் ஒற்றினாள்.

"மூணாவது மாடில, ஜன்னலோர நாற்காலியைத்தான் உனக்குக் குடுப்பாங்க," என்றாள். "பின்னால சாஞ்சிடாதே தங்கச்சி, ஒரு சக்கரம் கழண்டுக்கும், நாலு வருஷம் கபாசோகிட்ட சொல்லிப் பார்த்தேன், மாத்திக் குடுக்கல, அப்புறம்தான் ராஜினாமாவை எழுதிக் குடுத்துட்டு இந்தக் கடையைப் போட்டேன்."