பனியில் நான் எழுதிய ‘அப்பா’

செத்துப்போன ஒருவரின் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன். பத்திரத்தில் அல்ல, பனியில். (போலீசுக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும், அதுதான் ஆபத்து.)

திருத்தணியில் போட்டோக் கடை போட்ட புதிது. ‘எப்பேர்ப்பட்ட படமும் தெளிவாக்கித் தரப்படும்’ என்று போர்டு மாட்டியிருந்தேன். அதுவரை நான் தெளிவாக்கியதெல்லாம் மொட்டை போட்ட குழந்தைகளின் சந்தனத் தலைகள்தான்.

அந்தப் போர்டை நம்பிப் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் வந்தார். பட்டாளத்திலிருந்த மகன் பனிச்சரிவில் போய்விட்டான். செல்போனில் அவனுடைய கடைசிப் படம். சிரித்தபடி நிற்கிறான், காலடியில் ஒரே வெள்ளை.

“சண்டை போட்டுகினு போனவன்பா. ரெண்டு வருசமா எங்கிட்ட பேசல. பனியில எனக்கு ஏதோ எழுதினான்னு அவன் கூட்டாளி சொல்றான். அந்த வெள்ளையில இன்னா இருக்குதுன்னு எடுத்துக் குடு.”

“ஆங், எடுத்துடலாங்க” என்றேன்.

வெளிச்சத்தைக் குறைத்தேன். வெள்ளை சாம்பலானதே தவிர ஒரு கோடுகூட வரவில்லை. வாட்ஸ்அப்பில் பல கை மாறிய படம், அதில் எதுவும் மிஞ்சவில்லை. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நானோ மவுசால் ‘அப்பா’ என்று கீறி, லேசாக நிழல் கொடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். புண்ணியம் செய்கிறோம் என்ற நினைப்பு வேறு.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

“எங்க வூட்ல நைனான்னுதான் கூப்புடுவோம். அப்பான்னு அவன் வாயில ஒரு நாளும் வந்ததில்ல.”

திட்டியிருந்தால் தேவலை. கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்டு, அந்தக் கூட்டாளியிடம் பேசி அசல் படத்தை வரவழைத்தேன். இந்த முறை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெள்ளையின் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பனியின் சொரசொரப்பு வந்தது. பிறகு பூட்ஸ் தடங்கள். எழுத்து மட்டும் எங்கேயும் இல்லை.

“எழுத்து ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

அவர் திரையைத் தொட்டார். “எடது காலைக் கொஞ்சம் சாய்ச்சுதான் வைப்பான். இது அவன் நடைதான். இத்தையே பெருசா போட்டுக் குடு.”

முகத்தை விட்டுவிட்டு, அந்தத் தடங்களை மட்டும் பிரேம் போட்டு எடுத்துப் போனார்.

போர்டை அன்றே கழற்றிவிட்டேன். இன்றும் நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மனைவி கேட்பாள்: “இது போட்டோல இருந்ததா, நீயா எழுதினதா?” உடனே, எப்போதும் அப்பா என்று கூப்பிடும் என் மகள், “சொல்லு நைனா” என்பாள். எல்லோரும் சிரிப்போம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.